எந்தப் பாலம், எந்தக் கரை? பாஸ்டன் படகுப்போட்டி வார இறுதிக்கு முதல்முறை வருபவர்களுக்கு

“மச்சி, எங்க இருக்க?”

“பாலத்துலதான்டா நிக்கிறேன். ஒரு படகைக்கூடக் காணோம்.”

“எந்தப் பாலம்?”

“ஹார்வர்டு பாலம்னு போட்டிருக்கு.”

போனின் அந்தப் பக்கத்தில் சிரிப்பு. படகு தேடி நின்றது நான்தான், பாஸ்டனுக்கு வந்த முதல் அக்டோபரில். ஹார்வர்டு பாலம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இல்லை. அது எம்.ஐ.டி.யின் வாசலில் இருக்கிறது. போட்டி நடக்கும் பகுதி அங்கிருந்து ஆற்றின் மேல்போக்கில் ஒரு மைலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. நண்பன் நின்ற வீக்ஸ் பாலத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் அவன் பார்க்க வந்த பந்தயம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் யாருக்காவது இதையே போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டால் போதும்.

முதலில், என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. ‘ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ்’ என்பது பாஸ்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே ஓடும் சார்ல்ஸ் ஆற்றில் அக்டோபர் மாதத்தின் பிற்பாதியில் நடக்கும் துடுப்புப் படகுப் போட்டி. 1965 அக்டோபர் 16 அன்று கேம்பிரிட்ஜ் படகு கிளப்பைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த எர்னஸ்ட் ஆர்லெட் என்ற பயிற்சியாளர் சொன்ன யோசனை அது. இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். 11,000 பேருக்கு மேல் துடுப்புப் போடுகிறார்கள். கரையில் நிற்பவர்கள் லட்சக்கணக்கில். கரையில் நின்று பார்க்கக் காசு கிடையாது, கூடாரம் போட்டு நாற்காலி தரும் சில அடைப்புகளுக்கு மட்டும் டிக்கெட் உண்டு. தேர்த் திருவிழாக் கூட்டம் ஒரே தெருவில் இருக்கும். இங்கே அதே கூட்டம் மூன்று மைல் நீளத்துக்கு, இரண்டு கரையாகப் பிரிந்து நிற்கும். இந்த இரண்டு கரைதான் புதிதாக வருபவர்களைப் படுத்துகிறது.

ஆற்றை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

வரைபடச் செயலியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். செயலி உங்களுக்குத் தூரத்தைச் சொல்லும். அந்த வார இறுதியில் தூரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. நீங்கள் எந்தக் கரையில் நிற்கிறீர்கள், உங்களுக்குப் பக்கத்தில் எந்தப் பாலம் என்பதுதான் கணக்கு. எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் நண்பர் கையசைப்பார். அவரிடம் போய்ச் சேர அரைமணி நேரமாகும்.

படகுகள் கீழிருந்து மேலாக, அதாவது நகரின் மையத்திலிருந்து விலகி, நீரோட்டத்துக்கு எதிராகப் போகும். அந்தத் திசையில் பார்த்தால் வலப்பக்கம் கேம்பிரிட்ஜ் கரை, இடப்பக்கம் பாஸ்டன் கரை. இடப்பக்கம் இருக்கும் ஊர்ப்பகுதிகளுக்கு ஆல்ஸ்டன், பிரைட்டன் என்று பெயர். கேம்பிரிட்ஜ் கரையோரச் சாலை மெமோரியல் டிரைவ், பாஸ்டன் பக்கம் சோல்ஜர்ஸ் ஃபீல்டு ரோடு.

பாலங்கள் வரிசையாக இப்படி: தொடக்கம் பி.யூ. பாலத்தின் (பாஸ்டன் பல்கலைக்கழகப் பாலம்) அருகே. அப்புறம் ரிவர் ஸ்ட்ரீட் பாலம், உடனே வெஸ்டர்ன் அவென்யூ பாலம், வீக்ஸ் நடைபாலம், ஆண்டர்சன் பாலம், கடைசியாக எலியட் பாலம். அதைத் தாண்டி பாஸ்டன் கரையில் ஹெர்ட்டர் பூங்கா அருகே முடிவுக்கோடு. இந்த ஆறு பெயரையும் வரிசை மாறாமல் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும், அத்தனை கூட்டத்தில் சிக்னல் திணறினாலும் அந்தத் தாள் உதவும்.

கூட்டமில்லாத நாளில் நடக்க ஆகும் நேரம், ஏறக்குறைய: பி.யூ. பாலத்திலிருந்து ரிவர் ஸ்ட்ரீட் வரை 20 நிமிடம், அங்கிருந்து வெஸ்டர்ன் அவென்யூ 4 நிமிடம், வெஸ்டர்னிலிருந்து வீக்ஸ் 10, வீக்ஸிலிருந்து ஆண்டர்சன் 6, ஆண்டர்சனிலிருந்து எலியட் 20, எலியட்டிலிருந்து முடிவுக்கோடு 10. சனிக்கிழமை மதியம் வீக்ஸுக்கும் ஆண்டர்சனுக்கும் நடுவே இதை இரண்டால் பெருக்குங்கள். மற்ற இடங்களில் ஒன்றரையால் பெருக்கினால் போதும்.

ஏமாற்றும் பெயர்கள்

ஹார்வர்டு பாலத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். மாசசூசெட்ஸ் அவென்யூ ஆற்றைக் கடக்கும் இடம் அது. அங்கிருந்து பார்த்தால் உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டிருக்கும் படகுகள் தூரத்தில் தெரியலாம், பந்தயம் தெரியாது. ஒரே ஆறுதல், நடைபாதையில் ‘ஸ்மூட்’ என்ற அளவுக் கோடுகளைப் பார்க்கலாம். 1958-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் ஆலிவர் ஸ்மூட் என்ற சக மாணவரைப் படுக்க வைத்துப் படுக்க வைத்துப் பாலத்தை அளந்தார்கள். நீளம் 364.4 ஸ்மூட். அன்று நான் அதை முழுவதும் நடந்தேன்.

அடுத்தது, நகர ரயிலின் பச்சை வழித்தடத்தில், பி கிளையில் ‘ஹார்வர்டு அவென்யூ’ என்று ஒரு நிறுத்தம். அது ஆல்ஸ்டனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹார்வர்டு ஸ்குவேருக்குப் போக வேண்டியவர் அங்கே இறங்கினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. உங்களுக்கு வேண்டியது சிவப்பு வழித்தடத்தின் ‘ஹார்வர்டு’.

மூன்றாவது பொறி நுட்பமானது. ஹார்வர்டு பக்கம் வீக்ஸ் பாலத்துக்கு இறங்கும் தெருவின் பெயர் டிவுல்ஃப் ஸ்ட்ரீட். போட்டி தொடங்கும் இடத்தில் இருக்கும் பாஸ்டன் பல்கலைக்கழகப் படகுக்கூடத்தின் பெயரும் டிவுல்ஃப். ‘டிவுல்ஃப் கிட்ட நிற்கிறேன்’ என்று யாராவது செய்தி அனுப்பினால், தெருவா படகுக்கூடமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரத்துக்கு மேல் நடை இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் படகுக்கூடம் கேம்பிரிட்ஜ் கரையில் இருப்பது கூடுதல் வேடிக்கை. ஹார்வர்டும் குறைவைக்கவில்லை. அவர்களுடைய பெண்கள் அணியின் வெல்ட் படகுக்கூடம் கேம்பிரிட்ஜ் கரையில், ஆண்கள் அணியின் நியூவெல் படகுக்கூடம் பாஸ்டன் கரையில். இரண்டும் ஆண்டர்சன் பாலத்தை ஒட்டியே இருக்கின்றன.

கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரீட் என்ற பெயரில் தெரு கேம்பிரிட்ஜிலும் உண்டு, ஆல்ஸ்டனிலும் உண்டு, பாஸ்டன் நகர மையத்திலும் உண்டு. வாடகைக் காரில் முகவரி தட்டும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்தே தட்டுங்கள்.

வருவதற்கு முன்

வெளியூரிலிருந்து வருகிறீர்கள் என்றால், தங்குமிடத்தை வசந்த காலத்திலேயே பிடித்துவிடுவது நல்லது. இலையுதிர்கால நிறங்களைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டமும் அதே வாரங்களில்தான் வரும். ஹார்வர்டுக்குப் பக்கத்தில்தான் அறை வேண்டும் என்று அலைய வேண்டாம். சிவப்பு வழித்தடத்தின் மேல் எங்காவது இருந்தால் போதும். தெற்கே குவின்சியிலிருந்து ஒரே ரயிலில், மாறாமல் வந்துவிடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அருகிலேயே இருக்கும் அறையைவிட அது மேல் என்பது என் அனுபவம்.

விமானத்தில் லோகனில் இறங்கினால் சில்வர் லைன் எஸ்.எல்.1 பேருந்து ஒவ்வொரு டெர்மினல் வாசலிலும் வரும். விமான நிலையத்தில் ஏறுபவர்களுக்கு அது இலவசம். சவுத் ஸ்டேஷனில் இறங்கி, வெளியே வராமல் சிவப்பு ரயிலுக்கு மாறினால் அதற்கும் கட்டணம் இல்லை. பெட்டியோடு வருபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

உடை விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது வழக்கம். அக்டோபர் நடுவில் காலை 7 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், மதியம் 15, 16 வரை ஏறும். பார்க்க இதமான எண்தான். ஆனால் ஆற்றங்கரையில் காற்று அடிக்கும், நீங்கள் நடக்காமல் நின்றுகொண்டிருப்பீர்கள். ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக, கழற்றிப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய அடுக்குகளாக மூன்று போட்டுக்கொள்ளுங்கள். காதுக்கு ஏதாவது வேண்டும். புல்வெளி காலையில் ஈரமாக இருக்கும், அதனால் உட்கார நீர் ஊறாத விரிப்பு ஒன்று. மழைத் தூறலுக்கெல்லாம் போட்டி நிற்காது. 1996-இல் பெரும் புயல் வந்தபோது மட்டும் ரத்து செய்தார்கள், பிறகு 2020-இல் கோவிட் காரணமாக ஆற்றில் நடக்கவில்லை.

எந்த நாள்?

வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ அழைத்து வருவதானால் வெள்ளிக்கிழமை. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கரையில் இடம் இருக்கும், கழிப்பறைக்கு வரிசை இருக்காது, ரயிலில் உட்காரலாம். மூத்தோர் பிரிவுகள் வார இறுதியின் தொடக்கத்தில் வரும். எழுபதைத் தாண்டியவர்கள் தனிப்படகில் மூன்று மைல் வலித்துப் போவதைப் பார்த்துவிட்டு என் அப்பா இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து வேண்டும் என்றால் சனி. துடுப்புப் போடுவதை உண்மையிலேயே ரசிப்பவர் என்றால் ஞாயிறு மதியம், எட்டுப் பேர் வலிக்கும் சாம்பியன்ஷிப் படகுகள் வரும் நேரம். ஒலிம்பிக்கில் வலித்தவர்களும் அவற்றில் இருப்பார்கள்.

சனிக்கிழமை கிளம்புவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: ஹார்வர்டு மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்று. 1903-இல் கட்டிய அந்த மைதானம் ஆண்டர்சன் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாஸ்டன் கரையில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் அந்தப் பாலத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காரை வீட்டிலேயே விடுங்கள்

இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். ஆற்றங்கரையைச் சுற்றியுள்ள தெருக்களில் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதிச்சீட்டு முறை. போட்டிக்கென்று மரத்தில் கட்டும் தற்காலிக ‘நிறுத்தாதே’ தாளைக் கவனிக்காமல் விட்டவர் திரும்பி வரும்போது கார் இருக்காது. இழுத்துப் போயிருப்பார்கள். மெமோரியல் டிரைவின் ஒரு பகுதி வசந்தத்திலிருந்து நவம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படியும் கார்களுக்கு மூடியிருக்கும். போட்டிக்காக வேறு எதையெல்லாம் மூடுகிறார்கள் என்பதை அந்த வாரத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் தவிர்க்க முடியாது என்றால், வெளிவட்டத்திலேயே அதை விட்டுவிடுங்கள். வடமேற்கிலிருந்து வருபவர்களுக்கு சிவப்பு வழித்தடத்தின் கடைசி நிலையமான ஏல்வைஃப், தெற்கிலிருந்து வருபவர்களுக்கு பிரெய்ன்ட்ரீ அல்லது குவின்சி ஆடம்ஸ். மூன்றிலும் பெரிய பல அடுக்கு நிறுத்தம் உண்டு. ஏல்வைஃபிலிருந்து ஹார்வர்டு மூன்றாவது நிலையம்தான்.

இன்னொரு எச்சரிக்கை, வேன் வாடகைக்கு எடுத்து நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து வருபவர்களுக்கு. ஆற்றோரச் சாலைகளின் மேல் இருக்கும் பாலங்கள் மிகவும் தாழ்வானவை. உயரமான வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. வழிகாட்டும் செயலி அதையெல்லாம் பார்க்காமல் உள்ளே அனுப்பிவிடும். கூரை உரிந்த லாரிக்கு இந்த ஊரில் ‘ஸ்டாரோடு ஆகிவிட்டது’ என்று ஒரு சொல்லே இருக்கிறது, பாஸ்டன் கரையின் ஸ்டாரோ டிரைவின் பெயரிலிருந்து வந்தது.

ரயிலும் பேருந்தும்

பொதுப் போக்குவரத்துக்கு இங்கே ‘டி’ என்று பெயர். சுரங்க ரயிலுக்கு ஒரு முறைக்கு 2.40 டாலர், உள்ளூர்ப் பேருந்துக்கு 1.70. தட்டிச் செலுத்தும் வங்கி அட்டையோ போனோ இருந்தால் 2024 ஆகஸ்டிலிருந்து அதையே வாயிலில் தட்டிவிட்டுப் போகலாம், தனி அட்டை வாங்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மூன்று நாளும் வருவதாக இருந்தால் 22.50 டாலருக்கு ஏழு நாள் பாஸ் கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் கட்டணம் இல்லை.

நகர மையத்திலிருந்து சிவப்பு ரயிலில் ‘ஏல்வைஃப்’ என்று எழுதியிருக்கும் பக்கம் ஏறுங்கள். பார்க் ஸ்ட்ரீட், சார்ல்ஸ்/எம்.ஜி.எச்., கெண்டல், சென்ட்ரல், ஹார்வர்டு என்று வரும். சார்ல்ஸ் நிலையத்துக்குச் சற்று முன்பே ரயில் வெளிச்சத்துக்கு வந்துவிடும், அந்த நிலையத்தைத் தாண்டியதும் லாங்ஃபெல்லோ பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கும். போகும் திசையில் இடப்பக்க ஜன்னலில் நில்லுங்கள். அங்கே பாய்மரப் படகு தெரிந்தால், ‘இதுதானா போட்டி’ என்று இறங்கிவிட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாரும் ஹார்வர்டில் இறங்குவார்கள். நீங்கள் சென்ட்ரலில் இறங்குங்கள். மாஸ் அவென்யூவிலிருந்து (மாசசூசெட்ஸ் அவென்யூவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வெஸ்டர்ன் அவென்யூ தெருவில் நேராகப் போனால் பதினைந்து நிமிடத்துக்குள் ஆற்றங்கரை. வெஸ்டர்ன் அவென்யூ பாலத்திலிருந்து வீக்ஸ் வரை கேம்பிரிட்ஜ் கரையில் நிற்க நிறைய இடம் இருக்கும். பக்கத்தில் இருக்கும் நீராவி ஆலையால் இந்தப் பகுதிக்குப் ‘பவர்ஹவுஸ்’ என்று பெயர். இது நேரான ஓட்டம், படகுகள் ஒன்றை ஒன்று முந்துவது இங்கேதான் நன்றாகத் தெரியும். வீக்ஸில் நெருக்கியடித்து நிற்பவர்களைவிட இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி.

தொடக்கத்தைப் பார்க்க விரும்பினால் அதே சென்ட்ரலிலிருந்து மேகசின் ஸ்ட்ரீட்டில் இறங்கி மேகசின் பீச் பூங்காவுக்குப் போகலாம், இருபது நிமிட நடை. அல்லது பச்சை வழித்தடம் பி-யில் ஆமரி ஸ்ட்ரீட்டில் இறங்கி பி.யூ. பாலத்தைக் கடந்து வரலாம். பாஸ்டன் கரையில் தொடக்கத்தை ஒட்டி நெடுஞ்சாலைதான் ஓடுகிறது, நிற்க வசதியான இடமில்லை. முடிவுக்கோட்டுக்கு சென்ட்ரலிலிருந்து 70-ஆம் எண் பேருந்து வெஸ்டர்ன் அவென்யூ வழியாக ஹெர்ட்டர் பூங்காப் பக்கம் போகும்.

66-ஆம் எண் பேருந்து ஹார்வர்டிலிருந்து ஆண்டர்சன் பாலத்தைத் தாண்டி ஆல்ஸ்டன் போகும். சாதாரண நாளில் அருமையான பேருந்து. போட்டி நாளில் பாலத்தின் மேல் அது நிற்கும், நடப்பவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள்.

வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காகச் சில சமயம் ரயிலை நிறுத்தி மாற்றுப் பேருந்து விடுவதுண்டு. முந்தைய நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவுகளில் என்ன பார்ப்பது

கூட்டம் வீக்ஸிலும் எலியட்டிலும் குவிவதற்குக் காரணம் உண்டு. இரண்டு இடத்திலும் ஆறு இடப்பக்கம் கடுமையாக வளைகிறது. எட்டுப் பேர் வலிக்கும் படகின் நீளம் ஏறக்குறைய 60 அடி. அது டக்கென்று திரும்பாது. வலிப்பவர்கள் முதுகைக் காட்டியபடி போவார்கள். சுக்கான் பிடிக்கும் ‘காக்ஸ்’ ஒருவருக்குத்தான் எதிரே இருப்பது தெரியும். தனிப்படகில் போகிறவருக்கு அந்தக் காக்ஸும் இல்லை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு படகுகள் ஒரே வளைவை ஒரே நேரத்தில் எடுக்கப் பார்க்கும்போது துடுப்புகள் சிக்கிக்கொள்ளும், சில நேரம் பாலத்தின் தூணிலேயே முட்டும். கூட்டம் “ஓ” என்று கத்தும்.

படகுகள் சுமார் 15 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். யாருக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் போட்டி. ஆகவே முன்னால் போகும் படகு ஜெயிக்கிறது என்று நினைத்துக் கைதட்டினால் பக்கத்தில் நிற்பவர் மரியாதையாகப் புன்னகைப்பார். முனையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 20-ஆம் எண் படகு 17-ஐ முந்திக்கொண்டு வந்தால் அது முக்கால் நிமிடத்தை மிச்சம் பிடித்திருக்கிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டால் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். வேகமான ஆண்கள் எட்டுப்பேர் படகு மூன்று மைலையும் சுமார் 14 நிமிடத்தில் முடித்துவிடும். அதனால் ஒரே படகை இரண்டு இடத்தில் பார்க்கலாம் என்று கரையோரம் ஓடாதீர்கள், முடியாது.

வீக்ஸ் பாலத்தின் மேல் நிற்க விரும்பினால் காலை எட்டு, எட்டரைக்கே போய்விடுங்கள். கீழ்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் நின்றால் வரும் படகுகள் தெரியும், மேல்பக்கத்தில் வளைந்து போகிறவை தெரியும். நடுவில் நின்றால் முதுகுகள் தெரியும். பதினோரு மணிக்கு மேல் அது பாலமாக வேலை செய்வதில்லை, கரை மாற அதைப் பயன்படுத்தாதீர்கள். குழந்தை வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எலியட்டில் கேம்பிரிட்ஜ் கரைதான் வளைவின் வெளிப்பக்கம். படகு நேராக நம்மை நோக்கி வந்து கடைசி நொடியில் திரும்புவது போல் இருக்கும். ஹார்வர்டு நிலையத்திலிருந்து அரைமணி நடை என்பதால் பாதிக் கூட்டம் அங்கே வந்து சேர்வதில்லை.

புகைப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹார்வர்டு பகுதியில் கேம்பிரிட்ஜ் கரை வடக்கே இருப்பதால் அங்கே நிற்பவர்களுக்கு வெயில் முகத்தில் அடிக்கும். குளிருக்கு இதம், படத்துக்குக் கேடு. பாஸ்டன் கரையில் வெயில் முதுகுப்பக்கம்.

பிரிந்துபோனால், பசித்தால்

சந்திக்கும் இடத்தை ரயிலை விட்டு இறங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ‘ஹார்வர்டு ஸ்டேஷன் வாசல்’ என்று சொல்லாதீர்கள், அந்த நிலையத்துக்கு ஒன்றுக்கு மேல் வாசல் உண்டு, எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஐந்து நிமிடம் நடந்தால் கேம்பிரிட்ஜ் காமன் என்ற பூங்கா. அங்கே ஒரு சிலையையோ பெஞ்சையோ குறித்து, இத்தனை மணிக்கு என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். போன் வேலை செய்யாவிட்டாலும் அந்த மணிக்கு அங்கே வந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கரையில் சாப்பாட்டு வண்டிகள் உண்டு, வரிசையும் உண்டு. வீட்டிலிருந்து புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வருவது இன்றைக்கும் சிறந்த வழி. வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்றால் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஹார்வர்டு ஸ்குவேரைத் தவிர்த்துவிட்டு சென்ட்ரலுக்குப் போங்கள். இந்தியச் சாப்பாடும் அங்கே கிடைக்கும். தற்காலிகக் கழிப்பறைகளைப் பொறுத்தவரை, தேவைப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே வரிசையில் சேர்வதுதான் தந்திரம்.

சைக்கிள்? புளூபைக்ஸ் வாடகை சைக்கிளில் வரலாம், ஆனால் ஆற்றோரப் பாதையில் ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஹார்வர்டு ஸ்குவேரில் திருப்பி விடும் இடங்கள் நிரம்பிவிடும். சென்ட்ரல் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

திரும்பும்போது

கடைசிப் படகு போனதும் கரை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து ஹார்வர்டு நிலையத்தை நோக்கி நடக்கும். மெமோரியல் டிரைவில் நின்றுகொண்டு ஊபரோ லிஃப்டோ அழைத்தால், ஓட்டுநர் எதிர்க்கரையில் வந்து நிற்பதாகக் காட்டும், அங்கிருந்து இங்கே வரப் பாலம் நகராது. கார் வேண்டுமென்றால் முதலில் ஆற்றை விட்டுப் பத்து நிமிடம் விலகி நடந்து, மாஸ் அவென்யூ போன்ற பெரிய சாலைக்கு வந்த பிறகு அழையுங்கள்.

கேம்பிரிட்ஜ் கரையில் இருப்பவர்கள் காலையில் வந்த வழியிலேயே சென்ட்ரலுக்கு நடக்கலாம். எலியட் பக்கம் இருந்தவர்கள் மவுண்ட் ஆபர்ன் ஸ்ட்ரீட்டுக்கு ஏறினால் 71, 73 எண் பேருந்துகள் ஹார்வர்டுக்குப் போகும். பாஸ்டன் கரையில் மாட்டிக்கொண்டவர்கள் பாலத்தைக் கடக்கவே வேண்டாம். ஆல்ஸ்டன் வழியாக அரைமணி நேரம் நடந்தால், நான் மேலே திட்டிய அதே ஹார்வர்டு அவென்யூ நிறுத்தம் வரும். அங்கே பச்சை ரயிலில் ஏறினால் நேராக நகர மையம். இன்னொரு வழி பாஸ்டன் லேண்டிங் நிலையத்தில் நிற்கும் உஸ்டர் புறநகர் ரயில். வார இறுதியில் அது அடிக்கடி வராது, ஆகவே நேரம் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

அவசரம் இல்லாதவர்கள் கரையிலேயே இன்னும் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்கலாம். அக்டோபரில் ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கும், அதற்குள் கூட்டம் பாதியாகிவிடும். மிச்சமிருக்கும் சாதத்தை அப்போது பிரித்துக்கொள்ளுங்கள்.